ஓதம் ஏறும் வீட்டில் விதை தங்காது

சுவரைச் சுரண்டிப் பூசுவதற்கு முன், வெளியே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

புரட்டாசியில் குறுவை அறுத்து, களத்தில் நன்றாகக் காயவைத்து, அடுத்த பட்டத்துக்கென்று நாலு மூட்டை விதைநெல்லை உள்ளறையில் சுவரோரமாக அடுக்கி வைப்பது காவிரி டெல்டாவில் பல வீடுகளில் உள்ள வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு துளிகூட அந்த மூட்டைகள் மீது விழுவதில்லை. ஓடும் ஒழுகவில்லை. ஆனாலும் வைகாசியில் நாற்றங்காலுக்காக அவிழ்க்கும்போது அடிமூட்டையில் இருந்து புழுங்கிய வாடை வருகிறது. கையை உள்ளே விட்டால் நெல் கட்டி கட்டியாக ஒட்டி வருகிறது. நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் முளைகட்டிப் பார்த்தால் பாதிகூடத் தேறுவதில்லை.

விதை சரியில்லை என்கிறார்கள். சாக்கு சரியில்லை என்கிறார்கள். மூட்டை சாய்ந்திருந்த சுவரின் மீது யாருக்கும் கண் போவதில்லை. தரையில் இருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு அந்தச் சுவரில் வண்ணம் வெளுத்து, பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பல வருடங்களாகப் பார்த்துப் பழகிய சுவர் என்பதால் அது குறையாகவே தெரிவதில்லை. குற்றவாளி அந்த ஓதம்தான்.

ஓதத்துக்கு வழக்கமாகச் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. பொங்கலுக்கு முன் பொரிந்த பூச்சைச் சுரண்டிவிட்டு, சிமென்ட் வைத்துப் பூசி, மேலே பெயின்ட் அடிப்பது. அடுத்த கார்த்திகையில் ஓதம் திரும்பி வரும். இந்த முறை அரை அடி, ஓர் அடி மேலே ஏறி வரும். மறுபடி சுரண்டி, மறுபடி பூசி, பணம் போய்க்கொண்டே இருக்கும். காரணம் எளிது. நோய் சுவரில் இல்லை. சுவருக்குக் கீழேயும் வெளியேயும் இருக்கிறது.

திரியில் எண்ணெய் ஏறுவது போல

அகல் விளக்கில் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருவதைப் பார்த்திருப்போம். செங்கல்லும் அப்படித்தான். அதன் நுண்ணிய துளைகள் வழியாக மண்ணில் உள்ள ஈரம் மேலே ஏறும். ஏறிய ஈரம் சுவரின் இருபுறமும் காற்றில் ஆவியாகும். ஏறுவதும் ஆவியாவதும் எந்த உயரத்தில் சமமாகிறதோ, அங்கே ஓதக்கோடு நிற்கும். பெரும்பாலும் அது மூன்று அடிக்குள் அடங்கிவிடும்.

இந்த இடத்தில் சிமென்ட் பூச்சு போட்டால் ஆவியாகும் வழி அடைபடுகிறது. தண்ணீர் நின்றுவிடுவதில்லை, வழி கிடைக்கும் உயரம் வரை ஏறிப் போகிறது. சுவரில் டைல்ஸ் ஒட்டினாலும், எனாமல் பெயின்ட் அடித்தாலும் இதே கதைதான். டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே புதிதாக ஓதக்கோடு தெரியும்.

ஈரத்தோடு மண்ணில் உள்ள உப்பும் ஏறுகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் சுவரில் தங்கும். உப்பு படிகமாகும்போது பருத்து, பூச்சை உள்ளிருந்து நெம்பித் தள்ளும். பூச்சு பொரிந்து கொட்டுவதற்கு அதுதான் காரணம். சில உப்புகள் மழைக்காலக் காற்றில் இருந்தே ஈரத்தை இழுக்கும். மழைநாளில் கல்லுப்பு ஜாடி கசிவதைப் போலத்தான் இதுவும். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய சுவரில் இந்தத் தொல்லை அதிகம். கோமியத்தில் இருந்து உண்டாகும் நைட்ரேட் உப்புகள் சுவரில் ஊறியிருப்பதே காரணம். எருக்குழி, உரமூட்டை அடுக்கிய சுவர்களிலும் இதைப் பார்க்கலாம்.

எந்த ஈரம் என்று பிரித்துப் பாருங்கள்

வீட்டில் தெரியும் ஈரமெல்லாம் ஒரே வழியில் வருவதில்லை. தப்பாகக் கணித்தால் செலவு வீண். நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தரையில் இருந்து ஏறும் ஓதம். சுவரின் அடிப்பகுதி முழுக்க ஏறக்குறைய ஒரே உயரத்துக்குப் பட்டைபோல இருக்கும், உப்புப் பூக்கும். மழையே இல்லாமல், வாய்க்காலில் தண்ணீர் திறந்ததும் சுவர் நனைகிறது என்றால் நிலத்தடி ஈரம்தான் காரணம் என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, பக்கவாட்டில் வரும் மழைநீர். சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரில், கூரைத்தண்ணீர் விழும் இடத்தில், வெடிப்பு உள்ள இடத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். மழை பெய்த ஓரிரு நாளில் வரும். வெயில் அடித்தால் குறையும்.

மூன்றாவது, குழாய்க் கசிவு. ஒரே இடத்தில், மழையும் வெயிலும் பாராமல் எப்போதும் ஈரமாக இருக்கும். இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

நான்காவது, காற்றில் உள்ள ஈரம். குளிர்ந்த தரையில் புழுக்கமான காற்று பட்டால் தரை வியர்க்கும். இதற்கும் நிலத்துக்கும் தொடர்பில்லை.

தரை ஈரம் நிலத்தில் இருந்து வருகிறதா, காற்றில் இருந்து வருகிறதா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரமாகக் கெட்டியான பாலித்தீன் தாளை வெட்டி, தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்ட வேண்டும். ஒரு முழுநாள் கழித்துப் பார்க்க வேண்டும். தாளுக்கு அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் நிலத்தில் இருந்து வருகிறது. தாளின் மேற்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு சொற்பம். இதைச் செய்யாமல் கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம்.

வீடு தாழவில்லை, தெரு உயர்ந்தது

"அப்பா காலத்தில் இந்த வீட்டில் ஓதமே கிடையாது" என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது உண்மைதான். வீடு கட்டியபோது தெருவில் இருந்து மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போயிருப்பார்கள். பிறகு தெருவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஜல்லியும் தாரும், சிமென்ட் சாலையும் வந்திருக்கும். பக்கத்து மனைக்காரர் மண் அடித்து உயர்த்தியிருப்பார். கொல்லையில் குப்பையும் இடிபாடும் சேர்ந்து தரை மேலே வந்திருக்கும். மூன்று படியில் இன்று ஒன்றுதான் மிச்சம்.

பேஸ்மட்டத்தின் மேல், சுவர் தொடங்கும் இடத்தில் ஓதம் ஏறாமல் இருக்க ஒரு தடுப்பு அடுக்கு போடுவது வழக்கம். வெளியே மண் அந்த மட்டத்துக்கு மேலே ஏறிவிட்டால், ஈரம் தடுப்பைத் தாண்டி நேராகச் சுவருக்குள் போய்விடும். தடுப்பு இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். எனவே முதல் வேலை மண்வெட்டிக்குத்தான். சுவரை ஒட்டிக் கிடக்கும் மண், குப்பை, எரு, விறகு, செங்கல் குவியல் எல்லாவற்றையும் அகற்றி, வெளித்தரை வீட்டின் உள்தரையைவிடக் குறைந்தது அரை அடியாவது தாழ்ந்திருக்கும்படி செய்ய வேண்டும். ஒன்றரை அடி கிடைத்தால் நல்லது.

பல வீடுகளில் பாதி ஓதம் இந்த ஒரு வேலையிலேயே குறையத் தொடங்கும்.

கூரைத் தண்ணீருக்கு ஒரு கணக்கு

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 30 அடிக்கு 20 அடி உள்ள ஒரு கூரை ஏறக்குறைய 56 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டினால், அந்தக் கூரையில் இருந்து மட்டும் 5,600 லிட்டர் தண்ணீர் இறங்கும். பீலி இல்லாத வீட்டில் அத்தனையும் சுவருக்கு ஓரடி, ஒன்றரை அடி தள்ளி, அஸ்திவாரத்தின் தலைமீதே விழுகிறது.

ஆகவே இரண்டாவது வேலை பீலி. தகரமோ பி.வி.சி.யோ, கூரை ஓரம் முழுக்கப் பீலி கட்டி, கீழிறங்கும் குழாயின் வாயைச் சுவரில் இருந்து பத்தடி தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். தொட்டியில் பிடித்து மாட்டுக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. உறிஞ்சுகுழி எடுப்பதாக இருந்தால் அதுவும் வீட்டைவிட்டுத் தள்ளியே இருக்க வேண்டும். சுவரோரம் குழி எடுத்துக் கூரைத் தண்ணீரை அதில் விடுவது, ஓதத்துக்குக் கால்வாய் வெட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

மூன்றாவது வாட்டம். வீட்டைச் சுற்றி முதல் பத்தடிக்குள் அரை அடி இறக்கம் வரும்படி களிமண் கலந்த மண்ணை வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்துத் திமுசு போட்டு இறுக்க வேண்டும். சுவரை ஒட்டி இரண்டரை அடி அகலத்துக்குச் சிமென்ட் தளமோ கல்பாவிய நடையோ வெளிவாட்டமாகப் போட்டால் சாரலும் அஸ்திவாரத்தில் இறங்காது. சுவரும் தளமும் சேரும் இடத்தில் வெடிப்பு விடாமல் அடைக்க வேண்டும்.

நான்காவது, தினசரித் தண்ணீர். குளியல் தண்ணீர், பாத்திரம் கழுவும் தண்ணீர், துணி துவைக்கும் கல், அடிகுழாயடி, மாட்டுத் தொட்டி என எது சுவரோரம் இருந்தாலும் அது வருடம் முழுவதும் பெய்யும் மழை. அதை மூடிய குழாயில் வாழை, தென்னைக்குத் திருப்பிவிட வேண்டும். சுவரோரச் செடிகளுக்குக் குடம் குடமாய் ஊற்றுவதையும் நிறுத்த வேண்டும்.

தெருவைவிடத் தாழ்ந்துவிட்ட வீடு, வாட்டம் கொடுக்கவே வழியில்லை என்றால், சுவரில் இருந்து மூன்றடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, துளையிட்ட குழாய் வைத்து, ஜல்லியால் நிரப்பி, தாழ்வான இடத்துக்கு வடியவிடலாம். எக்காரணம் கொண்டும் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. கரிசல் மண்ணில் கூடுதல் கவனம் வேண்டும். அது ஈரத்தில் பருத்து, காய்ந்தால் சுருங்கும். அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்ந்தால் சுவரே வெடிக்கும்.

இனி சுவரைத் தொடலாம்

வெளி வேலை முடிந்த பிறகுதான் உள் வேலை. ஓதக்கோட்டுக்கு மேலே ஓரடி வரை சிமென்ட் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லைத் திறந்து விட வேண்டும். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த நிலையிலேயே பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

பிறகு பொறுமைதான் மருந்து. நனைந்த சுவர் காய, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்குப் பல மாதங்கள் தேவைப்படும். நம் கோடை வெயில் கைகொடுக்கும் என்றாலும், ஒரு கோடை முழுவதையாவது சுவருக்குக் கொடுக்க வேண்டும். விசேஷம் வருகிறது என்று அவசரப்பட்டு ஈரச்சுவரில் பூசுவதே பலருடைய பணம் வீணாவதற்குக் காரணம்.

காய்ந்த சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு ஏற்றது. நன்றாக நீற்றி, பல நாள் ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத சலித்த மணல் மூன்று பங்கு. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே பூட்டாது, சுவர் மூச்சுவிடும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பே அடிக்கலாம். பிளாஸ்டிக் எமல்ஷன், எனாமல் வேண்டாம். மண்சுவர் வீடுகளுக்கு இது இன்னும் முக்கியம். மண்சுவரில் சிமென்ட் பூசினால், உள்ளே ஈரம் தங்கி மண் இளகிச் சுவர் உள்ளுக்குள்ளேயே கரையும், வெளியே தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் ஓதம் ஏறினால், செங்கல் சுவரில் நீர்விலக்கி மருந்து செலுத்தும் முறை இருக்கிறது. வெளித்தரைக்கு அரை அடி மேலே, சாந்துக்கோட்டில் ஐந்து அங்குலத்துக்கு ஒன்றாகத் துளை போட்டு, சிலேன் வகைக் களிம்பைச் செலுத்துவார்கள். செலவு அதிகம், அனுபவம் உள்ளவர் செய்தால்தான் பலன் தரும். சுவரை இரண்டு மூன்று அடியாக அறுத்துத் தடுப்பு அடுக்கு நுழைக்கும் வேலையைப் பொறியாளர் பார்க்காமல் தொடங்கக் கூடாது. வெளியே தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்போது இந்த இரண்டுக்கும் செலவிடுவது வீண்.

அதுவரை விதையைக் காப்பது எப்படி?

விதைச் சான்றளிப்பு விதிப்படி நெல் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 80 சதவீதம். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நிலக்கடலை, உளுந்து விதைக்கு ஈரப்பத வரம்பு 9 சதவீதம்தான். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது விதையியலில் சொல்லப்படும் கணக்கு. 12 சதவீதத்தில் உள்ளே வைத்த நெல் ஓதத்தில் 14 சதவீதம் ஆனால், தாங்கும் காலம் நாலில் ஒரு பங்காகிவிடும்.

நம் முன்னோர் குதிரைக் கால் வைத்து உயர்த்தியதும், பத்தாயத்தைத் தரையில் படாமல் நிறுத்தியதும் இதற்காகத்தான். மூட்டைகளைத் தரையில் நேராக வைக்காமல், அரை அடி உயர மரச்சட்டத்தின் மேல் வைக்க வேண்டும். சட்டத்துக்கு அடியில் கெட்டியான பாலித்தீன் தாள் விரிக்கலாம். சுவரில் சாய்க்காமல் ஓரடிக்குக் குறையாமல் இடைவெளி விட வேண்டும். மூட்டையைச் சுற்றி ஆள் நடமாட இடம் இருந்தால் எலியும் தங்காது. ஈரமும் கண்ணில் படும். உரமூட்டை, சிமென்ட் மூட்டைக்கும் இதே முறைதான்.

தானியம் ஈரம் கோத்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி வறுத்து ஆறிய தூள் உப்பும், மூட்டையின் நடுவில் இருந்து எடுத்த தானியமும் போட்டு, மூடிக் குலுக்கி, கால் மணிநேரம் வைக்க வேண்டும். உப்பு பாட்டில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் தானியத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது. உடனே வெயில் காட்ட வேண்டும்.

நிலக்கடலையில் அலட்சியம் கூடவே கூடாது. ஈரம்பட்ட கடலையில் வளரும் பச்சை, மஞ்சள் நிறப் பூஞ்சணத்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது கல்லீரலைத் தாக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுமையாகப் போகாது. பூஞ்சணம் பிடித்த கடலையைப் பொறுக்கி மாட்டுக்குப் போடுவதும் தவறு. பால் வழியாக அந்த நஞ்சு திரும்ப நம் வீட்டுக்கே வரும்.

மூட்டைக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் ஆபத்து

ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் வசிப்பவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. மழைக்காலம் முழுவதும் பிள்ளைக்கு இழுப்பு விடவில்லை என்றால், மருத்துவரைப் பார்ப்பதோடு பிள்ளை படுக்கும் அறையின் சுவரையும் பார்க்க வேண்டும். பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்த இடத்தை உடனே உலர்த்த வேண்டும்.

ஈரச்சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் அது உயிர்ப் பிரச்சினை. சுவரைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். போர்டை ஓதக்கோட்டுக்கு மேலே மாற்றி, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவது பாதுகாப்பு. ஓதம் கரையானையும் அழைக்கும். கதவு நிலையின் அடிப்பாகத்தை அடிக்கடி தட்டிப் பார்க்க வேண்டும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு

பேஸ்மட்டம் சுற்றுத்தரையைவிடக் குறைந்தது ஒன்றரை அடி, அதாவது 45 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. தெரு உயரும் என்பதை மனதில் வைத்து இன்னும் ஓரடி கூட்டுவது புத்திசாலித்தனம். பேஸ்மட்டத்தின் மேல் சுவரின் முழு அகலத்துக்கும் ஒன்றரை அங்குலக் கனத்தில், 1:2:4 கான்கிரீட்டில் வாட்டர்ப்ரூஃப் மருந்து கலந்து தடுப்பு அடுக்கு போட வேண்டும். வாசற்படி வருகிறது என்று நடுவில் விட்டுவிடக் கூடாது. தரைக்கு அடியில் மணல் பரப்பி, அதன்மேல் 250 மைக்ரான் பாலித்தீன் தாளை அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, பிறகு கான்கிரீட் போட வேண்டும். கட்டும்போது இதற்கு ஆகும் செலவு சிறியது. கட்டிய பிறகு திருத்துவதுதான் பெரிய செலவு.

எப்போது எதைச் செய்வது?

கார்த்திகை மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து, தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்புதான் மொத்த வேலைக்கும் வரைபடம். தை அறுவடை முடிந்ததும் மண் அகற்றுவது, வாட்டம், வடிகால். மாசியில் பூச்சைக் கொத்தித் திறந்துவிடுவது. கோடை முழுவதும் காயவிடுவது. வெயில் அடிக்கும் மதியங்களில் சன்னலைத் திறந்தும், மழைநாளில் மூடியும் வைப்பது. ஆடிக்குள் பீலி. ஆவணியில் சுண்ணாம்புப் பூச்சு. புரட்டாசியில் குறுவை விதைநெல் வீட்டுக்குள் வரும்போது, அதற்குக் காய்ந்த அறையும் தரையில் படாத மரச்சட்டமும் தயாராக இருக்கும்.